இளஞ்சூட்டுப் பள்ளம்

அடித்தொண்டையில் யாரோ உறுமுவது போன்ற ஓசை. ஒரு பகல் முழுவதும் ஓயாமல் கேட்டது. அதன்பின் மலை உச்சி பிளந்து நெருப்புக் குழம்பு வழிந்தது. குட்டியாக இருந்தபோது கேட்ட அந்த ஓசையை மெல்லடி என்ற முயல் மறக்கவே இல்லை.

அந்த எரிமலையின் சரிவில் இருந்த ஒரு காட்டில்தான் அது வாழ்ந்து வந்தது. அன்று வழிந்த குழம்பு ஆறிக் கறுத்து, சுருக்கம் சுருக்கமாக உறைந்து, பாறை வெளியாகப் பரந்து கிடந்தது. வெடிப்புகளில் பெரணிச் செடிகள் முளைத்திருந்தன. சாம்பல் மண் தங்கிய இடங்களில் புல் வளர்ந்திருந்தது. மலையைப் பார்க்க வரும் மனிதர்களுக்காக நடுவே ஒரு பாதையும் போட்டிருந்தார்கள்.

மெல்லடிக்கு எல்லாவற்றிலும் எச்சரிக்கை. எங்கே போனாலும் முதலில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளும். ஆபத்து சத்தம் போடாமல் வராது என்பது அதன் எண்ணம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அது மூன்று குட்டிகளை ஈன்றது. காட்டு முயலுக்கு வளை கிடையாது, குழந்தைகளே. குட்டிகளைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போய்விடும். பால் கொடுக்க மட்டும் திரும்பி வரும். அதுவரை குட்டிகள் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்க வேண்டும். தலை தூக்கக் கூடாது, அசையக் கூடாது. முயல் குலத்தின் வழக்கம் அது.

மழை விடவில்லை. சாம்பல் மண் சேறானது. குட்டிகள் நனைந்து விறைத்து, பால் குடிக்கக்கூட வாய் திறக்காமல் நடுங்கின.

அப்போது நெடுங்கொம்பன் என்ற மிளா மான் அந்தப் பக்கமாக வந்தது. நல்ல மனசு. ஆனால் தன்னைப் பற்றிய நினைப்பு கொஞ்சம் அதிகம்.

“என்ன தங்கச்சி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாயா?”

“அதை மழையே பார்த்துக்கொள்கிறது அண்ணா. ஈரமில்லாமல், சூடாக ஓர் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். இன்னொரு நாள் நனைந்தால் இவை பிழைக்காது.”

“சூடான இடம்தானே? மனிதர் பாதை முடிகிற இடத்தில் கயிறு கட்டியிருக்கிறார்களே, அதற்கு அப்பால் ஒரு பள்ளம் இருக்கிறது. நிலம் வெதுவெதுப்பாக இருக்கும். எவ்வளவு பெய்தாலும் உடனே உலர்ந்துவிடும். புல் என் மார்பு உயரம்.”

“ஆபத்து ஒன்றும் இல்லையே?”

“தினமும் அங்கேதான் மேய்கிறேன். என்னைப் பார். இளைத்தா போனேன்?”

“மனிதர்கள்?”

“கயிறுவரை வருவார்கள். பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஒருவன்கூடத் தாண்டியதில்லை. எல்லாம் என்னிடம் பயம்தான்.”

பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டியது.

“அங்கே கொண்டுபோகாதே. அந்தப் பள்ளத்தில் நிலம் மூச்சு விடுகிறது. காற்று அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. காற்று ஓய்ந்தால் அந்த மூச்சு தண்ணீர் மாதிரி அடியில் தேங்கிவிடும். எலியும் காடையும் தூங்குவதுபோல் செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன்.”

“எலி கிடந்தால் நீ விட்டா வைத்தாய்?” என்று மிளா சிரித்தது.

“எடுக்கத்தான் போனேன். மூச்சு முட்டியது. ஓடி வந்துவிட்டேன்.”

மெல்லடி உடும்பை முறைத்தது. “போன மழையில் என் குட்டியைத் தின்றவன் நீ. இந்த மழையில் காப்பாற்ற வந்துவிட்டாயோ?”

உடும்பு மறுக்கவில்லை. “அன்று பசித்தது, தின்றேன். இன்று கண்டதைச் சொல்கிறேன்” என்றது.

“இவை வெட்டவெளியில் கிடந்தால்தானே உனக்கு வசதி” என்றது மிளா. உடும்பு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மெல்லடி தனியாகப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தது. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இறங்கி நின்று காதைத் தீட்டியது. ஓர் உறுமல் இல்லை, சலசலப்பு இல்லை. சில்வண்டுகூடக் கத்தவில்லை. இவ்வளவு அமைதியான இடத்தை அது கண்டதே இல்லை.

குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுவந்து பள்ளத்துப் புல்லுக்குள் படுக்கவைத்தது. நிலத்தின் சூடு ஏற ஏற அவற்றின் நடுக்கம் நின்றது. வயிறு முட்டப் பால் குடித்தன.

“நான் வரும்வரை தரையோடு ஒட்டிக் கிடங்கள். என்ன நடந்தாலும் தலை தூக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு மெல்லடி மேயப் போனது.

பிற்பகலில் மழை நின்றது. காற்றும் நின்றது. மெல்லடி தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தது. பள்ளத்துப் புல்லுக்கு மேலே நெடுங்கொம்பனின் கொம்புகள் நிதானமாக அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் மெல்லடிக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மேய்ந்தது.

மாலையில் அது திரும்பி வந்தபோது மிளா அங்கேயே நின்றிருந்தது.

“பிள்ளைகளிடமிருந்து சத்தமே இல்லை தங்கச்சி. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள்.”

மெல்லடி கரையில் நின்று கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. ஒரு காதுகூடத் திரும்பவில்லை. இறங்கியது. தலைக்கு மேல் தண்ணீர் மூடியதுபோல் மூச்சு நின்றது. கால்கள் துவண்டன. தட்டுத் தடுமாறிக் கரையேறியது.

“அண்ணா, அவற்றை எடுத்துக் கொடுங்கள்.”

நுனிப்புல் மட்டுமே கடித்துப் பழகிய மிளா அன்றுதான் முதல்முறையாகத் தரைவரை குனிந்தது. மூச்சு முட்டிச் சட்டென்று நிமிர்ந்தது. மீண்டும் குனிந்தது. கண் இருண்டது. ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டது.

குட்டிகள் மூன்றும் தரையோடு ஒட்டி, காதுகளை மடித்து, தாய் சொன்னபடியே கிடந்தன.

“நான் பொய் சொல்லவில்லை தங்கச்சி. எனக்கு அங்கே ஒன்றுமே ஆனதில்லை.”

“இல்லை அண்ணா. நீங்கள் பொய் சொல்லவில்லை.”

அதன்பிறகும் பால் கொடுக்கும் நேரமானால் மெல்லடி கரைக்கு வந்து நின்றது. குடிக்க வாய் இல்லாமல் பால் கட்டிக்கொண்டது. மழைக்காலம் முடியுமுன் அந்த நோவிலேயே மெல்லடி இறந்தது.

நெடுங்கொம்பன் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு பசித்தபோது போனது, குனியாமல் மேய்ந்தது. நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்து, மூப்படைந்து செத்தது.

நீதி: போய்ப் பிழைத்து வந்தவர் சொல்லை நம்புமுன், அவர் உயரம் என்ன, நம் உயரம் என்ன என்று பார்க்க வேண்டும்.