பலவேசத்தின் பத்துக் கரண்டி

கரண்டிக்குளத்தில் மொத்தம் பத்து வீடு. பத்திலும் இரும்புக் கரண்டி அடிக்கும் பட்டறை. இந்த ஊரில் எத்தனை முட்டாள்கள் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கைக்குழந்தைகளையும் சேர்த்து நூறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பொய் மட்டும் அவர்களுக்கு வராது.

அவர்களில் பலவேசத்துக்கு வருஷம் முழுக்க ஒரே நினைப்புதான். ஆடி மாசம் கோயிலில் நடக்கும் கொடைத் திருவிழா, அன்று மத்தியானம் இலையில் ஊற்றும் சிறுபருப்புப் பாயசம். போன வருஷம் அவன் இலைக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோயிற்று. அந்தத் துக்கத்தை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மனைவி சொர்ணத்திடம் மட்டும் தினமும் சொல்லி வந்தான்.

இந்த வருஷம் கொடைக்குச் சமையல்காரர் ஆவுடையப்பன் நூறு கரண்டி கேட்டிருந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். ஒருவர் இலைக்குப் பரிமாறிய கரண்டி இன்னொருவர் இலைக்குப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. வீட்டுக்குப் பத்து என்று பங்கு பிரித்துக்கொண்டு எல்லாரும் உலையை மூட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புள்ளிவிவர அதிகாரி வந்து சேர்ந்தார். ஊரில் மாதாமாதம் எவ்வளவு உற்பத்தி ஆகிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். பத்துப் பட்டறையும் ஏறி இறங்க அவருக்கு நேரம் இல்லை. சீட்டுக் குலுக்கினார், பலவேசத்தின் பெயர் வந்தது. இனி அவன் பட்டறைதான் மாதிரி, அதில் எத்தனை கரண்டியோ அதைப் பத்தால் பெருக்கி ஊர்க் கணக்காக எழுதிக்கொள்வேன் என்று விளக்கிவிட்டு, ஒரு சொம்பு மோரும் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஊர் கூடியது. மாடக்கண்ணுதான் ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவர். யோசிக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

"பலவேசம் பத்து அடிச்சா சர்க்கார் கணக்குல நூறு," என்றார் அவர். "அப்போ மத்த ஒம்பது வீட்டுல அடிக்கிற தொண்ணூறு எங்க வே போகும்?"

கண்ணைத் திறக்காமலே அவரே கூட்டிச் சொன்னார்.

"நூத்தித் தொண்ணூறாயிரும். சர்க்கார் நூறுன்னு எழுதி, ஊர்ல நூத்தித் தொண்ணூறு கெடந்தா, சர்க்காரையே பொய்யாக்குன மாதிரி ஆகாதா?"

இது பெரிய குற்றம் என்று பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் உடனே ஒத்துக்கொண்டான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உலைச் சூடு ஆகாது. ஒன்பது உலையும் அப்போதே அணைந்தன.

மறுநாள் முதல் ஒன்பது பேரும் பலவேசத்தின் பட்டறையில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பத்து வீட்டு வேலையை ஒரே ஆளாகச் செய்கிறோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் ஒருநாள் சுத்தியலை இடது கட்டைவிரல் மேலேயே போட்டுக்கொண்டான். ஒன்பது பேரும் கலந்து பேசி, ஆளுக்கொரு துணியைத் தங்கள் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார்கள். கோமதிநாயகம் பலவேசத்தைவிடச் சத்தமாக முனகினான்.

மாசக் கடைசியில் அதிகாரி திரும்பி வந்தார். ஒன்பது உலை ஆறிக் கிடப்பதையும், ஒன்றில் பூனை குட்டி போட்டிருப்பதையும் பார்த்தார். ஆறிய உலைக்கோ பூனைக்கோ அவர் படிவத்தில் கட்டம் இல்லை. பலவேசத்தின் கரண்டிகளை எண்ணினார். பத்து இருந்தது. நூறு என்று எழுதி முத்திரை குத்தி, நகல் ஒன்றை அவனிடமே கொடுத்தார்.

கொடை அன்று பலவேசம் பத்துக் கரண்டியையும் நகலையும் சமையல்காரரிடம் ஒப்படைத்தான். மிச்சம் தொண்ணூறு எங்கே என்று அவர் கேட்டார்.

"அந்தக் காயிதத்துல இருக்கு அண்ணாச்சி. முத்திரை கூட இருக்கு, பாருங்க."

ஆவுடையப்பன் காகிதத்தைக் குழித்துப் பாயசம் மொண்டு பார்த்தார். முத்திரை மட்டும் பாயசத்தில் கலந்தது. பந்தியில் நூறு இலை விரித்திருக்கிறது, கையில் பத்துக் கரண்டி. அவர் கொள்கைப்படி பத்துப் பேருக்குத்தான் சாப்பாடு.

மாடக்கண்ணு கண்ணை மூடினார். "பத்துப் பேருக்கு ஒருத்தன் சாப்பிட்டா போதும். மத்த ஒம்பது பேரும் சாப்பிட்டதா ஆயிரும்."

பத்துப் பேரை ஒரு வரிசையாக்கி, வரிசைக்கு வரிசை சீட்டுக் குலுக்கினார்கள். பலவேசத்தின் வரிசையில் கோமதிநாயகத்தின் பெயர் வந்தது. கரண்டியே அடிக்காத கோமதிநாயகம் நாலு தம்ளர் பாயசம் குடிப்பதைப் பலவேசம் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் நாலு தம்ளர் என்பது போன வருஷத்துக்கு எவ்வளவோ மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கோமதிநாயகம் ஏப்பம் விட்டதும் பத்துப் பேரும் இலையை மடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாயசம் எப்படி என்று சொர்ணம் கேட்டாள். இனிப்புக் கொஞ்சம் தூக்கல் என்றான். அவன் வயிறு கடமுடா என்று சத்தம் போடுவதைக் கேட்டு, பழைய சோறு இருக்கிறது, போடட்டுமா என்றாள் அவள்.

பலவேசம் பதறிப்போனான். "நாலு தம்ளர் பாயசத்துக்கு மேல சோறா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

அதுவும் சரிதான் என்று அவள் ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சூடு ஆறுவதற்குள் அவன் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே கோமதிநாயகம் அசைய முடியாமல் மல்லாந்து கிடந்தான். பலவேசம் அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தம்ளரை வாயில் வைத்தான்.

"சீக்கிரம் குடி வே. எனக்கு வயித்த என்னமோ பண்ணுது."