சாம்பியின் வெள்ளை நாக்கு

காட்டோரக் குளத்தங்கரை வீட்டில் சாம்பி என்ற பூனையும் செவலை என்ற கிழட்டு நாயும் இருந்தன. வீட்டுக்காரி நாச்சம்மையின் மடி சாம்பிக்கு மட்டுமே சொந்தம். அப்படித்தான் அது நினைத்திருந்தது.

அந்த வருஷம் செவலைக்குப் பின்னங்கால்கள் விளங்காமல் போயின. சீன வைத்தியம் படித்த ஒருவர் வாரந்தோறும் வந்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். தொடையில் நாடி பிடிப்பார். பிறகு முதுகில் மெல்லிய ஊசிகளைக் குத்தி வைப்பார். ஊசி நிற்கும் வரை நாய் அசையக்கூடாதே! நாச்சம்மை அதை மடியில் சாய்த்துத் தடவிக் கொடுப்பாள். அதற்கென்று ஒரு கிண்ணம் பால் வேறு எடுத்து வைப்பாள்.

சாம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கிழட்டுப் பயலே, நல்லாத்தான் நடிக்கிற!”

“நடிப்பா? எழுந்து நிக்க முடியலடி எனக்கு! கால் சரியானா உன் மடியை நீயே வச்சுக்கோ!”

“யாருக்குடா காது குத்துற?” என்று சீறியது சாம்பி.

அடுத்த வாரம் வைத்தியர் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம். சாம்பி செவலையின் பாலை ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது. அப்படியே நொண்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தது.

“எனக்கும் கால் போச்சு! நடக்க முடியல!”

“ஐயையோ! இதையும் பாருங்கய்யா!” என்று பதறினாள் நாச்சம்மை.

வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். அவர் முகம் மாறியது.

“நாக்குல வெள்ளை படிஞ்சிருக்கு! உள்ளே குளிர்ச்சி ஏறிடுச்சும்மா. பாலும் மீனும் கண்ணுல காட்டாதீங்க. ரெண்டு வேளை கசாயம். ஒரு மாசம் வெளியே விடாம அடைச்சு வையுங்க.”

‘அது நோய் இல்லை, பால்!’ என்று கத்த வாயெடுத்தது சாம்பி. யார் பால் என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டது.

கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடைக்குள் சாம்பி போனது. கசாயமோ குடலைப் பிடுங்கும் கசப்பு. மூன்றாம் வாரம் செவலை நாலு காலில் எழுந்து நின்றது. பிறகு அதை வீட்டுக்குள் பிடிக்கவே முடியவில்லை. குளக்கரையிலேயே கிடந்தது.

நாச்சம்மை மாலைதோறும் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடி காலியாகக் கிடந்தது. கூடையின் இடுக்கு வழியாகச் சாம்பி அதைப் பார்த்து அழுதது.

அடுத்தவர் வலிக்குக் கிடைக்கும் அன்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், தமக்கென்று காத்திருக்கும் அன்பையும் இழப்பார்.