அரசரின் திட்டுப் பெட்டி

கொன்றைநாட்டு அரசர் வீரகேதுவுக்குக் கோபம் வந்தால் யாரையும் அடிக்க மாட்டார், சிறையில் தள்ள மாட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஓலை ஓலையாகத் திட்டி எழுதுவார். மனம் லேசானதும் வேறோர் ஓலையில் பணிவாக ஒரு கடிதம் எழுதி, அதைத்தான் அனுப்புவார். நல்ல பழக்கம்தான். ஆனால் மனிதர் திட்டிய ஓலைகளை ஒன்று விடாமல் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்.

அதில் பாதிக்கு மேல் புன்னைநாட்டு அரசர் செங்கோடனைப் பற்றியவை. இருபது வருஷ ஆற்றுத் தண்ணீர்த் தகராறு. இப்போது அந்தச் செங்கோடனின் மகனுக்கே இவர் மகள் பூங்கோதையை நிச்சயம் செய்தாகிவிட்டது. பெண்ணுக்கும் மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம் பன்னிரண்டு நாளில். சம்பந்தி அரண்மனையிலேயே தங்கப்போகிறார். ஒரே ஓர் ஓலை அவர் கண்ணில் பட்டாலும் கல்யாணம் நின்றுவிடும்.

எரித்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். எழுத்தைத் தீயில் இடுவது அந்த நாட்டில் பாவம். வேண்டாத ஓலைகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவதே வழக்கம். போன வருஷம் அரசர் ஓர் ஓலைக்கட்டை அப்படித்தான் விட்டார். பனையோலை மிதக்கும் என்பதோ, ஆறு நேரே புன்னைநாட்டுக்குத்தான் போகிறது என்பதோ அவருக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, அது அவர் தம் மலச்சிக்கலைத் திட்டி எழுதிய கட்டு. பத்தாம் நாள் செங்கோடனிடமிருந்து ஒரு ஜாடி லேகியம் வந்து சேர்ந்தது.

அரசர் அமைச்சர் அகத்தீசரையும், தம் சபையில் வாயை மட்டுமே வைத்துப் பிழைத்துவந்த திருமேனியையும் அழைத்தார். "இந்தப் பெட்டியைப் படிக்காமல் பொடிப்பொடியாக நறுக்கித் தர நம்பகமான ஆள் வேண்டும்."

"என் மைத்துனன் வைரவன் இருக்கிறான், மன்னா" என்றார் அகத்தீசர். "எழுத்து வாசனையே இல்லாதவன். என் வீட்டில் வைத்தே நறுக்கித் தந்துவிடுவான்."

பெட்டி ஒரு நாள் தம் வீட்டில் இருந்தால் போதும், அப்புறம் அரசர் குடுமி தம் கையில் என்று அவருக்கு உள்ளூர ஒரு திட்டம்.

"நல்ல ஆள்தான்" என்றான் திருமேனி. "மாதிரிக்கு ஒரு கட்டு கொடுத்துப் பார்ப்போம், அரசே. அதை நானே எடுத்துத் தருகிறேன்."

மறுநாள் வைரவன் கூடை நிறைய ஓலைத் துணுக்குகளோடு வந்தான். அருமையாக நறுக்கியிருந்தான். ஆனால் மூக்குக்குக் கீழே முகம் முழுக்கத் துண்டைச் சுற்றியிருந்தான்.

"என்னப்பா இது?" என்றார் அரசர்.

"பல்வலி, மகாராஜா."

"அடடா. அரண்மனை வைத்தியரைக் கூப்பிடட்டுமா?" என்றான் திருமேனி. "துண்டை அவிழ்த்து ஒரு பார்வை பார்த்துவிடுவார்."

வைரவன் தடாலென்று அரசர் காலில் விழுந்தான். "மகாராஜா, எடுத்தே ஆகவேண்டும் என்றால் முழு மீசையையும் எடுத்துவிடுங்கள். பாதி மட்டும் வேண்டாம். ஊரில் தலைகாட்ட முடியாது."

அரசர் விழித்தார். "உன் பாதி மீசையை எடுக்கப்போவதாக யார் சொன்னது?"

"நீங்கள்தானே ஓலையில், 'வைரவன் அடுத்த முறை கண்ணில் பட்டால் பாதி மீசையைச் சிரைத்துவிடுவேன்' என்று..."

அங்கேயே நிறுத்திக்கொண்டான். அகத்தீசர் உத்தரத்தைப் பார்த்தார்.

"அந்த ஓலையை எழுதி மாதிரிக் கட்டில் வைத்தது நான், அரசே" என்றான் திருமேனி. "எழுத்து வாசனை இல்லாதவர் எவ்வளவு தெளிவாகப் படித்திருக்கிறார், பாருங்கள்."

அகத்தீசர் கல்யாணம் முடியும்வரை சமையல் கொட்டகையில் தேங்காய் துருவுவதை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்டார். வைரவன் துருவினான்.

"இனி யாரை நம்புவது?" என்று அரசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெட்டியில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் படித்தாலும் நஷ்டமில்லை. நீங்கள்தான், அரசே" என்றான் திருமேனி.

அரசர் அரிவாள்மணையும் பெட்டியுமாக அறைக்குள் போனார். ஒரு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று, ஏழு நாளும் ஆயிற்று. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. திருமேனி எட்டிப் பார்த்தான். அரசர் ஓலைகளுக்கு நடுவே சம்மணமிட்டிருந்தார். கூடையில் ஒரு துணுக்குகூட இல்லை.

"இதைக் கேள், திருமேனி. 'செங்கோடன் சபைக்குக் கிளம்பினால் அவர் மூக்கு அரை நாழிகை முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.' எப்படி எழுதியிருக்கிறேன் பார்த்தாயா? இதைப்போய் நறுக்கக் கை வருமா?"

பூங்கோதை கையில் மருதாணி வைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பதைச் திருமேனி சற்றுமுன்தான் பார்த்துவிட்டு வந்திருந்தான். விறுவிறுவென்று வெளியே போனான். போன வேகத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அரசே, சம்பந்தியின் பல்லக்கு கோட்டை வாசலில் இறங்கிவிட்டது. உங்களைக் கட்டித் தழுவ நேரே இந்த அறைக்குத்தான் வருகிறாராம்."

அவ்வளவுதான். அரிவாள்மணை பறந்தது. மூக்கு போயிற்று, தண்ணீர்த் தகராறு போயிற்று, இருபது வருஷத் திட்டும் ஒரே நாழிகையில் கூடைக்குள் போயிற்று. அரசர் தலைப்பாகையெல்லாம் ஓலைத் தூசு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ம், வரச் சொல்."

"எப்படி வருவார், அரசே? நாளை மறுநாள்தானே ஊரிலிருந்தே கிளம்புகிறார்."

அரசர் முகம் சிவந்தது. "என்னிடமே பொய்யா? இரு, உன்னைத் திட்டி ஒரு பெட்டி நிறைய எழுதுகிறேன்."

"தாராளமாக எழுதுங்கள். நறுக்கத்தான் நம்பகமான ஆள் கிடைத்துவிட்டாரே. 'பல்லக்கு வருகிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே நாழிகையில் வேலையை முடித்துவிடுகிறார்."

அரசர் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டுவிட்டு, துணுக்குகளை அவரே குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.