முள்ளம்பன்றியின் இலைப்பொதிக் கடைகள்

அல்லிக்குளத்துக் கரையில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி கடை வைத்திருந்தாள். கடையில் ஒரே பண்டம்தான். இரண்டு கல்யாண முருங்கை இலை, நடுவில் மசித்த வள்ளிக்கிழங்கு, அதன்மேல் கொஞ்சம் அத்திப்பழம். ஊருக்குள் இதையே ரொட்டியில் செய்து சாண்ட்விச் என்கிறார்கள். காட்டில் அதற்கு இலைப்பொதி என்று பெயர்.

இலை நழுவாமல் இருக்க, சடைச்சி நடுவில் ஒரு முள்ளைக் குத்திக் கொடுப்பாள். அவள் முதுகிலிருந்து தானாக உதிர்ந்த முள். தின்று முடித்ததும் அதிலேயே பல்லைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் போகும்போது வாசலில் இருக்கிற கொட்டாங்கச்சியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாமல் நழுவினால், கரடியே ஆனாலும் விடமாட்டாள். "முள்ளு எங்கே?" என்று கேட்டு நிறுத்திவிடுவாள்! அதைக் குளத்தில் நன்றாக அலசி மறுபடி குத்துவாள்.

அக்கரையில் ஒரு சிறுத்தை திரிந்தது. சடைச்சி வாலை ஒரு ஆட்டு ஆட்டி முள்ளைச் சலசலக்க வைத்தால் போதும். அது ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் நடையைக் கட்டிவிடும்.

ஒருநாள் பொன்னுரங்கம் என்ற மைனா வந்தான். வாய் சும்மா இருக்காத ஆள்.

"அக்கா! இவ்வளவு ருசியை ஒரே குளத்தங்கரையில கட்டிப்போட்டு வைக்கலாமா? மூங்கில்காட்டுல ஒரு கடை, பாறைமேட்டுல ஒரு கடை, அருவிக்கரையில ஒரு கடை! எல்லாத்துக்கும் உன் பேரு!"

"நான் ஒருத்திதானே இருக்கேன்? அத்தனை கடையில எப்படி நிப்பேன்?"

"நீ எதுக்கு நிக்கணும்? குரங்கு நிக்கும், அணில் நிக்கும். நீ பேரைக் கொடு, முள்ளைக் கொடு. மத்ததை நான் பாத்துக்கறேன்!"

"நான் இல்லாத கடை எப்படி என் கடை ஆகும்?"

"அதுக்குப் பேருதான்க்கா வளர்ச்சி!"

சடைச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சரியென்று தலையை ஆட்டி வைத்தாள். அங்கேதான் பிடித்தது சனி!

கடைகள் திறந்தன. ஒவ்வொரு கடை வாசலிலும் முள்ளை விரித்து நிற்கும் சடைச்சியின் படத்தைக் கரியால் வரைந்து வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. கொட்டாங்கச்சியை மட்டும் காணோம்.

"அதெல்லாம் வேண்டாம்க்கா. தின்னவங்ககிட்ட முள்ளைத் திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்குமா?" என்றான் பொன்னுரங்கம்.

தின்றவர்கள் பல்லைக் குத்திவிட்டு, முள்ளைக் கடைக்குப் பின்னால் வீசிவிட்டுப் போனார்கள். உதிர்ந்த முள் எத்தனை கடைக்குத்தான் வரும்?

"அக்கா, முதுகுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? திரும்ப முளைக்கிறதுதானே?"

"ஐயோ! வலிக்குதுடா!"

"வளர்ச்சின்னா வலிக்கத்தான் செய்யும்!"

முள் முளைத்தது உண்மைதான். ஆனால் பிடுங்கிய வேகத்துக்கு முளைக்குமா? புதுக் கடை திறக்கத் திறக்க, சடைச்சியின் முதுகு வெளுத்துக்கொண்டே வந்தது.

'கடை பெருகுது. நான் ஏன் குறையுறேன்? எங்கேயோ கணக்கு இடிக்குதே!' என்று அவள் குழம்பினாள். ஒருநாள் காலையில் குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். உள்ளே யாரோ மொட்டையாக நின்றார்கள்.

"வாம்மா, பொதி வேணுமா?" என்று கேட்டாள். உள்ளே இருந்ததும் கூடவே வாயை அசைத்தது. அது தானேதான் என்று தெரிந்ததும் பாவம், பகீரென்றது.

போய்ப் பார்த்துவிடுவோம் என்று மூங்கில்காட்டுக் கடைக்கு நடந்தாள். அங்கே கோட்டைச்சாமி என்ற குரங்கு கிழங்கு மசித்துக்கொண்டிருந்தான்.

"ஏய்! வரிசையில நில்லு!"

"தம்பி, நான்தான் சடைச்சி. இது என் கடை."

கோட்டைச்சாமி படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சடைச்சிக்கு உடம்பெல்லாம் முள்ளு. நீ பெருச்சாளி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கிழங்கை இப்படிக் கட்டிகட்டியா மசிக்கக் கூடாதுப்பா..."

"சடைச்சி மசிக்கிற மாதிரிதான் மசிக்கிறேன். பெருச்சாளிக்கு என்ன தெரியும்?"

சடைச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை நான் பெருச்சாளிதானோ?

அந்த நேரம் பொன்னுரங்கம் அலகில் ஒரு கட்டு முள்ளோடு வந்து இறங்கினான். சடைச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பொன்னுரங்கம்! நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுடா!"

பொன்னுரங்கம் கட்டைக் கீழே வைத்தான். கூட்டத்தைப் பார்த்தான். இந்த மொட்டைதான் சடைச்சி என்று சொன்னால் நாளைக்கு யார் கடைக்கு வருவார்கள்?

"எங்கேயோ பார்த்த முகமா இருக்கு. ஆனா எங்க சடைச்சி அக்கா இல்லை!" என்றான்.

சடைச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூட நேரமில்லை. மூங்கில் சரசரத்தது. சிறுத்தை!

எல்லாரும் மரமேறிவிட்டார்கள். சடைச்சி பழக்கத்தில் வாலை ஆட்டினாள். சத்தமே வரவில்லை.

"பெருச்சாளியா? கொழுகொழுன்னு இருக்கே!" என்று சிறுத்தை நாக்கைச் சப்புக்கொட்டியது.

சடைச்சி விழுந்தடித்து ஓடினாள். கடைக்குப் பின்னால் வீசியெறிந்த முள்ளெல்லாம் குவிந்து கிடந்தது. அதற்குள் தலையோடு புகுந்துகொண்டாள். சிறுத்தை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. மூக்கில் முள், உதட்டில் முள், நான்கு காலிலும் முள்!

"ஐயையோ! அடிப்பாவி, சடைச்சியா நீ!" என்று அலறிக்கொண்டு ஓடியது.

பொன்னுரங்கம் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா! நான் அப்பவே நினைச்சேன்!"

சடைச்சி அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நடந்து போய் வளைக்குள் படுத்தவள், முள் முளைத்து முடியும்வரை வெளியே வரவில்லை. முள் இல்லாத கடைகளில் இலை ஒரு பக்கம் போனது, கிழங்கு ஒரு பக்கம் போனது. ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து அல்லிக்குளத்துக் கடை திறந்தது. பொன்னுரங்கம் வந்து ஒரு பொதி வாங்கித் தின்றான். "அக்கா, பக்கத்து மலையில நல்ல இடம் ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். சடைச்சி முதுகைத் திருப்பினாள். புது முள்ளெல்லாம் சலசலவென்று நிமிர்ந்தது. பொன்னுரங்கம் பறக்கப் பார்த்தான்.

"முள்ளு எங்கே?" என்றாள் சடைச்சி.

அவன் அதைக் கொட்டாங்கச்சியில் போட்டுவிட்டுப் பேசாமல் பறந்து போனான்.

நம்மைக் காப்பதையே பிடுங்கிக் கொடுத்து ஒரு தொழிலை வளர்த்தால், கடைசியில் அந்தத் தொழிலுக்கே நாம் யாரென்று தெரியாமல் போய்விடும்.