எந்தக் கதைக்குக் கீழே

பிலோமினா விமர்சனத்தை எழுதி முடித்துவிட்டாள். வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

திருச்சியில் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை அவளுக்கு. ஐம்பதை நெருங்கும்போதுதான் கதை எழுத ஆரம்பித்தாள். இணையத்தில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு குழு இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். குழுவை நடத்துகிறவள் ஆம்பூர் நஸ்ரீன். பிலோமினாவைவிட மிகவும் இளையவள். ஆனாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

குழுவில் விதி ஒன்றே ஒன்று. உன் கதையைப் படித்து ஒருவர் கருத்துச் சொன்னால், அவர் கதைக்கு நீ சொல்ல வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கூட்டத்தில், எழுதியவர் முகத்துக்கு நேராக வாசிக்க வேண்டும்.

பிலோமினா அனுப்பிய முதல் கதை, டயாலிசிஸ் வார்டில் படுத்திருக்கும் கணவனையும் பக்கத்தில் காத்திருக்கும் மனைவியையும் பற்றியது. அது அவள் வீட்டில் நடந்தது என்று குழுவில் யாருக்கும் தெரியாது. "அருமை", "கண் கலங்கிவிட்டது" என்று வரிசையாக வந்தன. பிறகு தென்காசி கோமதிநாயகம் எழுதினார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர்.

"நர்ஸ் பேசுகிறாள், டாக்டர் பேசுகிறார், மனைவி பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். படுத்திருக்கிற மனிதர் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது."

அன்று பிலோமினா சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க அதே வரிகள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. லேபில் ஒருவருடைய குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டப் போய், கடைசி நொடியில் கவனித்து நிறுத்தினாள்.

இப்போது கோமதிநாயகத்தின் கதைக்கு அவள் முறை. மழையில் மின்கம்பம் ஏறுகிற ஒருவனைப் பற்றிய கதை அது.

கூட்டத்துக்கு முன்பே நஸ்ரீனை வீடியோவில் அழைத்தாள்.

"எழுதிட்டேன் டீச்சர். இதை அவர் முகத்துக்கு நேரா வாசிச்சிட்டு, நான் குழுவை விட்டுப் போயிடறேன்."

"எனக்கு அனுப்புங்கக்கா."

அனுப்பினாள். நஸ்ரீன் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரொம்பக் கடுமையா இருக்கா?"

"பார்க்கலாம்."

திரையில் ஒரு கதை விரிந்தது. நஸ்ரீன் எழுதி, போன மாதம் பத்திரிகையில் வந்த கதை. அதன் கடைசி வரிக்குக் கீழே பிலோமினாவின் விமர்சனத்தை ஒட்டினாள் நஸ்ரீன். கோமதிநாயகம் என்ற பெயரை மட்டும் அழித்தாள்.

"வாசிங்க."

"இது உங்க கதை டீச்சர்."

"ஆமா. வாசிங்க."

பிலோமினா தயங்கித் தயங்கி வாசித்தாள். "பாத்திரங்களில் உயிர் இல்லை. நடை தட்டையாக இருக்கிறது. முடிவு அவசரம். இவர் இன்னும் நிறைய வாசிக்க வேண்டும்."

"எந்த வார்த்தையாவது என் கதைக்குப் பொருந்தாம இடறுதா?"

"இல்லை."

அடுத்து இன்னொரு கதை விரிந்தது. டயாலிசிஸ் வார்டு. அதன் கீழேயும் அதே நான்கு வரிகள்.

"வாசிங்கக்கா."

'உயிர் இல்லை' என்ற இடத்தில் பிலோமினாவின் குரல் நின்றுவிட்டது.

"என்னை அவமானப்படுத்தத்தான் வாசிக்கச் சொன்னீங்களா?" என்று வெடித்தாள். "அவர் எழுதினது மட்டும் நியாயமா? செத்துப்போன என் வீட்டுக்காரரைப் பேச வைக்கச் சொல்றார்!"

நஸ்ரீனின் ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

"அவருக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது."

பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழைப்பைத் துண்டிக்க விரல் போனது.

"ஒண்ணு செய்ங்க," என்றாள் நஸ்ரீன். "அவர் எழுதினதை எடுத்து, நம்ம குழுவில இருக்கிற வேற எந்தக் கதைக்குக் கீழயாவது ஒட்டுங்க. பொருந்துற கதை ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. காட்டிட்டா, நீங்க எழுதினதை இன்னைக்கு நானே அவர்கிட்ட வாசிக்கிறேன்."

"நீங்களா?"

"நானேதான்."

பிலோமினா வெறியோடு தேட ஆரம்பித்தாள். ஒரு கதையைத் திறந்தாள். அதில் நர்ஸே இல்லை. இன்னொன்றில் நோயாளிதான் வாய் ஓயாமல் பேசினார். காதல் கதைக்குக் கீழே ஒட்டினாள், பேய்க் கதைக்குக் கீழே ஒட்டினாள். எங்கே போட்டாலும் வழி தவறி வந்ததுபோல நின்றது. கடைசியில் தன் கதைக்கே திரும்பினாள். மெதுவாக, முதலிலிருந்து படித்தாள்.

அவர் படுத்திருந்தார். ஊசி குத்தினார்கள். போர்வையை இழுத்துவிட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை.

அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த நாட்கள் அவை. "இன்னும் ஒரு மடக்கு, பிலோ" என்று அவர் கேட்பார். அந்தக் குரலைத்தான் அவள் கதைக்குள் விடவேயில்லை.

பிறகு தன் விமர்சனத்தைத் திறந்து மொத்தமாக அழித்தாள்.

"காட்ட முடியலை," என்றாள்.

நஸ்ரீன் தலையசைத்தாள்.

"அப்போ அவர் கதைக்கு நான் என்னதான் எழுதறது டீச்சர்?"

"கம்பத்துக்குக் கீழ ஒருத்தர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர் கடைசியில ஏன்க்கா அழுறார்?"

பிலோமினா அந்தக் கதையைக் கடைசி வரை படித்திருக்கவில்லை.

"அழுறாரா?"

"கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்குக்கா," என்றாள் நஸ்ரீன்.