பாதிரியார் வாத்துக்கறியை இழந்த கதை

அந்தக் காலத்தில், இங்கிலாந்து தேசத்தில் மனுஷரும் மிருகங்களும் ஒரே பாஷைதான் பேசினார்கள். வருகிறான், போகிறான் என்று யார் செய்வதைச் சொன்னாலும் சொல்லின் கடைசியில் 'எத்' என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். வருகிறான் என்றால் 'கம்மெத்'. நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டினால்தான் அந்த வால் வரும்.

ஆக்னெஸ் என்ற குடியானவள் வளர்த்த வாத்துக்கோ பல்லே இல்லை. பாவம், வால் வர வேண்டிய இடத்தில் சீறல்தான் வந்தது. 'கம்ஸ்.'

காவல் நாய்க்கு இது போதாதா? "பொக்கை வாய்க்குப் பேச்சு ஒரு கேடா? பேசாமல் குழம்பில் கொதி!"

ஊர்ப் பாதிரியாருக்கும் காது கூசியது. "ஆக்னெஸ், இது தேவனுக்கு அடுக்காத பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன். இதையே சமைத்துவிடு."

வாத்து ஆக்னெஸின் காலடிக்கு ஓடி வந்தது. "அம்மா, முட்டை போடுவதற்குப் பல் எதற்கு?"

"சாமி சொல்லிவிட்டாரே, நான் என்னடி பண்ணட்டும்?"

ஞாயிறு மத்தியானம் பாதிரியார் இடுப்புக் கச்சையைத் தளர்த்திக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தார். ஒரு கையில் கத்தி, மறுகையில் வாத்துமாக ஆக்னெஸ் முற்றத்துக்கு வந்தாள். அதே நேரம் பார்த்து, கோழிக்கூட்டை நோக்கி ஒரு நரி பதுங்கி வந்தது. முதலில் கண்டது நாய்தான். அவசரத்திலும் இலக்கணம் பிசகலாமா? "நரி கம்..." என்று நாக்கை முறைப்படி நீட்டியது. நரி பாய்ந்தது. நாய் திடுக்கிட்டு வாயை மூட, பல்லுக்கு நடுவே நாக்கு!

நாய் ஊளையிட்டதே தவிர, அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. வாத்து தன் சாவையும் மறந்து கத்தியது: "நரி கம்ஸ்! கம்ஸ்! கம்ஸ்!"

ஆக்னெஸ் வாத்தைப் போட்டுவிட்டு, கத்தியோடு பாய்ந்தாள். நரி வேலி தாண்டி மறைந்தது. ஒரு கோழிக்கும் இறகு உதிரவில்லை.

"உன்னையா அடிப்பேன், என் ராசாத்தி!" என்று வாத்தை வாரி அணைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்போ என் சாப்பாடு?"

"கூழ் இருக்கு, சாமி."

சேதி பரவியது. ஆபத்து நேரத்தில் எவன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பான்? ஊரே வாத்து மாதிரி சீற ஆரம்பித்தது. பாதிரியார் மட்டும் கூழ்ச் சட்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "என் கோயிலுக்குள் அந்த வாத்துப் பேச்சு நுழையக் கூடாது!"

அன்று முதல்தான் வீடு, சந்தை எல்லாவற்றையும் விட்டு வெளியேறிய 'எத்', இங்கிலீஷ்காரர்களின் பழைய வேதப் புத்தகத்துக்குள் போய், வாத்துக்கறி கிடைக்காத கோபத்தோடு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது.