பல் பட்ட கை

"அம்மா, அந்த மாசிலாமணி பூனைக்குட்டிக்குக் கடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான்."

சொல்லிவிட்டுச் சிவக்கொழுந்து கைகளை நீட்டினார். விரல், மணிக்கட்டு, உள்ளங்கை, எங்கு பார்த்தாலும் பல் தடம்.

வடிவம்மையார் அந்தக் கைகளைப் பார்த்தார். சிவக்கொழுந்துக்கு மகள் வயதுதான் அவருக்கு. ஆனாலும் அந்த மடத்துக்கு அவர்தான் தலைவி. மடத்தில் இருக்கிற எல்லோருக்கும் அவர் அம்மா.

"நீங்க பார்த்தீங்களா ஐயா?"

"கண்ணால பார்த்தேன். அடுப்படியில உட்கார்ந்து அதுக்குத் தயிர்சாதம் வெச்சான். அப்புறம் குனிஞ்சு அதோட காதுல என்னமோ சொன்னான்."

"என்ன சொன்னார்?"

"கேட்கலை. நான் எட்டிப் பார்த்ததும் பேச்சை நிறுத்திட்டான். இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

சிவக்கொழுந்து பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்குகிற பயணியைக் கண்டால் நடிக்கிறான் என்பார். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனைக் கண்டால் இன்னும் உஷாராகிவிடுவார். வேலையிலிருந்து ஆள் ஓய்வு பெற்றாயிற்று. சந்தேகம் மட்டும் இன்னும் வண்டி வண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் குருபூஜை. பந்தியில் முதல் இலைக்குச் சோறு போடும் பேறு இந்த முறை சிவக்கொழுந்துக்குக் கிடைத்திருந்தது. ஆனால் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கையில் ரத்தக்காயம் உள்ளவர் அன்னத்தைத் தொடக் கூடாது. அவர் தொடாவிட்டால் பரிமாறும் கரண்டி, சமையல் பார்க்கும் சீடர் மாசிலாமணியிடம் போய்விடும்.

மனைவி போன பிறகு இந்த மடமே கதி என்று வந்தவர் சிவக்கொழுந்து. நாலு பேருக்குத் தன் கையால் சோறு போட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை. அதுவும் கை நழுவுகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"என் கையில காயம் பட்டா யாருக்கும்மா லாபம்? அவனுக்குத்தானே?"

"அவர் கையையும் கடிக்குதா?"

"அதுதாம்மா சந்தேகமே! அவனை ஒரு தடவைகூடக் கடிச்சதில்லை. இன்னைக்கே அந்தப் பூனையைச் சந்தையில கொண்டுபோய் விட்டுடணும். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கணும். நான் பரிமாறலைன்னா நாளைக்குப் பந்தியிலயே உட்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

அம்மையார் வாசல் பக்கம் திரும்பி, "சுண்டு" என்று கூப்பிட்டார்.

கதவிடுக்கிலிருந்து பூனைக்குட்டி வந்தது. சாம்பல் நிறம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள்.

"விளையாடுங்க ஐயா. நான் பார்க்கிறேன்."

சிவக்கொழுந்து தரையில் விரல்களை ஆட்டினார். சுண்டு பதுங்கியது. பின்பக்கத்தை ஆட்டியது. அது இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அவர் கை பாதி தூரம் ஓடிவிட்டது. சுண்டு பாய்ந்து கவ்வியது. அவர் 'ஐயோ' என்று உதறினார். உதற உதறப் பிடி இறுகியது.

"பார்த்தீங்களாம்மா! கடிக்கும்னு எனக்குத் தெரியும்."

"நீங்க ஓடுவீங்கன்னு அதுக்கும் தெரியும்" என்றார் அம்மையார்.

பிறகு தன் கையைத் தரையில் வைத்தார். சுண்டு அவர் விரலையும் விடவில்லை. நறுக்கென்று கடித்தது.

அம்மையார் இழுக்கவில்லை. அடிக்கவில்லை. திட்டவுமில்லை. கை அசைவில்லாமல் கிடந்தது. ஓடாத விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை. வாயை எடுத்தது.

உடனே அம்மையார் எழுந்து வெளியே போய்விட்டார்.

சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் ஒரு கயிற்றுத் துண்டு. அதைத் தரையில் இழுத்துக் காட்டினார். சுண்டு கயிற்றின் மேல் விழுந்து புரண்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். விரலை விளையாட்டுச் சாமானாக் காட்டக் கூடாது. பல் பட்டா விளையாட்டு நின்னுடணும்."

சிவக்கொழுந்து கயிற்றை உற்றுப் பார்த்தார். அவருடைய புருவம் மெல்ல ஏறியது.

"இந்தக் கயிறு எங்கேயிருந்தும்மா வந்தது?"

"அடுப்படியிலிருந்து."

"அப்படிப் போடுங்க! அவனுக்குக் கயிறு, எனக்குப் பல்லா? இப்பப் புரியுது. அவனும் நீங்களும் பேசி வெச்சுட்டீங்க. நான் பரிமாறக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு, பழியைப் பூனை மேல போட்டுட்டு..."

அம்மையார் பதில் சொல்லவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

'குட்டு உடைஞ்சுபோச்சு, அதான் எழுந்து ஓடுறாங்க' என்றுதான் சிவக்கொழுந்து முதலில் நினைத்தார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் அவர்! ஓடட்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் வரவில்லை.

பக்கத்தில் ஏதோ அசைவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தார். சுண்டு. கயிற்றைப் போட்டுவிட்டு அதுவும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அம்மையார் திரும்பி வந்தார். கையில் குழைத்த மஞ்சள். எதிரே உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு காயங்களில் தடவினார். எரிந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"சொல்லுங்க ஐயா. என்னமோ சொல்லிட்டிருந்தீங்க."

மஞ்சள் குழைத்தது யார் என்று கேட்க வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு..." என்று தொடங்கி, மஞ்சள் பூசிய கையைப் பார்த்தார். "நாளைக்கு மாசிலாமணி பரிமாறட்டும்மா. அவர்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க."

இந்தத் தடவை அம்மையார் எழுந்து போகவில்லை.